லேப் வேலை பாக்கற கைக்கு எந்த செட்டிங்? பெசல் வெச்ச நிச்சய மோதிரம், ஒரு ரிவ்யூ

செட்டிங்னா மோதிரத்துல கல்லை புடிச்சு உக்கார வெக்கற முறை. முடிவை முதல்லயே சொல்லிடறேன். தினமும் கையில போட்டுட்டு வேலை செய்யப் போற நிச்சயதார்த்த மோதிரம்னா, கல்லை சுத்தி முழுசா தங்கம் வர்ற பெசல் செட்டிங், பின்பக்கம் ஓப்பனா விட்டது, உயரம் கம்மியா இருக்கறது, இதை தான் நான் சொல்லுவேன். நான் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீசியன், நாள் பூரா கிளவுஸ் மாட்டறதும் கழட்டறதும் கை கழுவறதும் தான் பொழப்பு, வீட்டுக்கு வந்தா மாவு பிசையறது பாத்திரம் கழுவறது எல்லாம் இருக்கு. இந்த மோதிரத்தை ஒரு வருஷத்துக்கு மேல, கழுவறதுக்கு தவிர கழட்டாம போட்டுட்டு இருக்கேன், அதனால தான் தைரியமா எழுதறேன்.

மோதிரம் என்னன்னா, 18 கேரட் மஞ்சள் தங்கம், நடுவுல ஒரே ஒரு 30 சென்ட் ரவுண்ட் வைரம், மொத்த எடை 3.62 கிராம், அரை பவுனுக்கும் கம்மி தான். கல்லு குறுக்கால 4.3 மி.மீ இருக்கும், சுத்தி தங்க விளிம்பு மெல்லிசா. வேற எந்த வேலைப்பாடும் கிடையாது. ராஜ வீதிக்கு பக்கத்துல ஒரு சந்துல சின்ன பட்டறை வெச்சிருக்கறவங்க கிட்ட ஆர்டர் குடுத்து செஞ்சது.

வாங்க போனப்போ நடந்ததை சொன்னா தான் ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னு புரியும். எந்த ஷோரூம் போனாலும் எங்கேஜ்மென்ட் ரிங்னு சொன்ன உடனே ட்ரேல எடுத்து வெக்கறது ஒரே மாதிரி தான், நாலு பிராங் இல்லன்னா ஆறு பிராங், அதாவது கல்லை நகம் மாதிரி கவ்வி புடிக்கற சின்ன தங்க கம்பி, கல்லு விரலுக்கு மேல தூக்கிட்டு நிக்கும். இந்த ஸ்டைல் புதுசு ஒண்ணும் இல்ல, 1886-ல நியூயார்க் டிஃபனி கம்பெனி ஆறு பிராங் போட்டு வைரத்தை வளையத்துக்கு மேல தூக்கி நிறுத்தி விட்டுச்சு, அன்னில இருந்து உலகம் பூரா எங்கேஜ்மென்ட் ரிங்னாலே அந்த உருவம் தான் கண்ணுல வருது. அழகு தான், இல்லன்னு சொல்லல, கல்லோட பக்கவாட்டு கூட தெரியும், கண்ணாடி கவுன்டர்ல லைட்டுக்கு கீழ அது மாதிரி எதுவும் மின்னாது. ஆனா கவுன்டர் லைட்ல நாம வாழப் போறதில்லைங்களே.

நான் லேப்ல இருந்து ஒரு ஜோடி நைட்ரைல் கிளவுஸ் ஹேண்ட்பேக்ல எடுத்துட்டு போயிருந்தேன். ஷோரூம்ல அந்த ஆறு பிராங் மோதிரத்தை விரல்ல போட்டு அதுக்கு மேல கிளவுஸ் மாட்டி பாத்தேன். மாட்டும்போதே மோதிரம் இருக்கற எடத்துல கிளவுஸ் கூடாரம் போட்ட மாதிரி தூக்கிட்டு நின்னுச்சு, விரலை மடக்கி ஒரு தடவை இழுத்ததும் பிராங் நுனில புள்ளியா ஒரு ஓட்டை. ரத்த சாம்பிள் தொடற கைக்கு அந்த புள்ளி ஓட்டை போதும். சேல்ஸ்ல இருந்த பொண்ணு நல்ல பொண்ணு, பதறிட்டு "மேடம் டூட்டிக்கு போறப்போ கழட்டி வெச்சிடுங்க, எல்லாரும் அப்படி தான் பண்றாங்க" ன்னுச்சு. கழட்டி எங்க வெக்கறது? லாக்கர் ரூம்லயா, கோட் பாக்கெட்லயா, வாஷ்பேசின் மேலயா? தொலையற மோதிரம் எல்லாமே அந்த கழட்டி வெச்ச நேரத்துல தான் தொலையுது. தினமும் கழட்டி மாட்டணும்னா அது நிச்சய மோதிரமே இல்ல, விசேஷத்துக்கு போடற நகை.

அப்பறம் அதே கிளவுஸ் டெஸ்ட்டை பெசல் மோதிரத்துல பண்ணி பாத்தேன், வழுக்கிட்டு ஏறிடுச்சு. அங்கயே எனக்கு பாதி முடிவாயிடுச்சு. லேப்னு இல்ல, டெய்லரிங் பண்றவங்க, சின்ன கொழந்தைய தூக்கறவங்க, கம்பளி நூல் பின்றவங்க, பைக் ஓட்ட கிளவுஸ் போடறவங்க, யாரா இருந்தாலும் அவங்கவங்க வேலைக்கு உண்டான துணியோ கிளவுஸோ கையில எடுத்துட்டு போய் கடையிலயே உரசி பாருங்க. ஒரு பழைய நைலான் துப்பட்டா போதும், பிராங் மேல மெதுவா இழுத்து பாருங்க, நூல் மாட்டுச்சுன்னா பினிஷிங் சரியில்லைன்னு அர்த்தம், அது எவ்ளோ பெரிய கடையா இருந்தாலும் சரி.

இனி எல்லாரும் சொல்ற ஒரு விஷயம், "பெசல்ல கல்லு டல்லடிக்கும், சைடுல வெளிச்சமே போகாது". எங்கம்மாவும் இதையே தான் சொன்னாங்க, "கண்ணு, அம்மாயி தோடு பாத்தயல்ல, சுத்தி கட்டி மூடி எப்படி மங்கி போச்சு, அந்த மாதிரி ஆயிரும்". அம்மா சொன்னது பாதி சரி. எங்க அம்மாயியோட ஏழு கல் வைரத்தோடு பழைய க்ளோஸ் செட்டிங், கல்லுக்கு பின்னாடி தங்கத்தை வெச்சு மொத்தமா அடைச்சிருப்பாங்க. வருஷக்கணக்கா தேங்காயெண்ணெயும் சீயக்காயும் விளிம்பு வழியா உள்ள எறங்கி அங்கயே தங்கிடும், வெளிய எடுக்க வழியே இல்ல. மங்குனதுக்கு காரணம் அந்த அடைச்ச முதுகு, சுத்தி இருக்கற விளிம்பு இல்ல.

ரவுண்ட் பிரில்லியன்ட் கட் வைரத்துல வெளிச்சம் மேல்பக்கமா உள்ள போய், அடியில இருக்கற கூம்பு பட்டைகள்ல மோதி, திரும்ப மேல்பக்கமாவே வெளிய வரும், அப்படி தான் அந்த கோணத்தையே வெட்டறாங்க. வைரத்துக்குள்ள போன வெளிச்சம் பட்டை மேல செங்குத்துல இருந்து கிட்டத்தட்ட 24 டிகிரிக்கு மேல சாய்வா விழுந்தா வெளிய தப்பிக்க முடியாது, உள்ளயே திரும்பிடும், அதனால தான் வைரம் அந்த மின்னு மின்னுது. சைடுல இருக்கற தங்க விளிம்பு இதை பெருசா தடுக்கறதே இல்ல. ஆனா அடிப்பட்டையில எண்ணெயும் அழுக்கும் அப்பிடுச்சுன்னா திரும்ப வேண்டிய வெளிச்சம் அங்கயே போயிடும், கல்லு செத்த மாதிரி தெரியும். வைரத்துக்கு எண்ணெய் பசைன்னா அப்படி ஒட்டிக்கும், சுரங்கங்கள்ல கிரீஸ் தடவுன மேஜை மேல தண்ணியோட சேத்து பொடிக்கல்லை ஓட விடுவாங்களாம், மத்த கல்லெல்லாம் ஓடிடும், வைரம் மட்டும் கிரீஸ்ல ஒட்டிக்கும், அப்படி தான் பிரிச்சு எடுப்பாங்க. அதே வைரம் நம்ம கையில சப்பாத்தி மாவு, வெளக்கெண்ணெய், ஹேண்ட் கிரீம் எல்லாத்தையும் இழுத்து வெச்சுக்கும். அதனால கேக்க வேண்டிய கேள்வி "பின்பக்கம் ஓப்பனா இருக்கா, பிரஷ் போகுமா" ங்கறது தான். என் மோதிரத்தை திருப்பி பாத்தா கல்லுக்கு நேர் கீழ ரவுண்டா ஓட்டை இருக்கு, அந்த வழியா வெளிச்சம் பாத்தா தெரியும்.

கழுவறது ரொம்ப சுலபம், வெதுவெதுப்பான தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு கொஞ்ச நேரம் ஊற வெச்சு, கொழந்தைங்க பல் தேய்க்கற சாப்ட் பிரஷ்ல பின்பக்க ஓட்டை வழியா தேய்ச்சு அலசுனா போதும். ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்ச்சு குளிச்ச கையோட பண்ணிடுவேன். ஒண்ணு மட்டும் கவனம், பிளீச்சிங் பவுடர், ஹைப்போகுளோரைட் இதெல்லாம் மோதிரத்துல படவே கூடாது, தங்கத்தோட கலந்திருக்கற மத்த உலோகத்தை குளோரின் அரிக்கும், மெல்லிசான பிராங் அப்படி தான் வெடிச்சு போகும். லேப்ல பெஞ்ச் தொடைக்கறது ஹைப்போல தான், ஆனா கிளவுஸ் இல்லாம தொடறதில்ல. வீட்ல பாத்ரூம் கழுவறவங்களும் இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப கோவம் வர்ற விஷயத்துக்கு வர்றேன். எங்க அக்காவுக்கு நிச்சயத்துக்கு வாங்குன மோதிரம் பிரஷர் செட்டிங். தூரத்துல இருந்து பாத்தா ஒரு பெரிய சாலிடேர், அதாவது ஒத்தைக் கல் வைரம் மாதிரி இருக்கும், கிட்ட பாத்தா தான் நடுவுல ஒரு கல்லு, சுத்தி சின்ன சின்ன கல்லு, எல்லாம் ஒண்ணை ஒண்ணு நெருக்கி புடிச்சிட்டு இருக்கும், தனித்தனியா ஒவ்வொண்ணுக்கும் பிடிமானம் கெடையாது. கடைல இதை தெளிவா சொல்லவே இல்ல, "ஒரு கேரட் லுக்கு கெடைக்கும்" னு மட்டும் சொன்னாங்க. கடை பேர் வேண்டாம். ஒரு நாள் கதவுல இடிச்சு ஒரு பொடிக்கல் விழுந்துச்சு, ஒண்ணு போனதும் பக்கத்துல இருக்கறதுக்கு நெருக்கம் போயிடுச்சு, அடுத்தடுத்து ஆட ஆரம்பிச்சிடுச்சு. ரிப்பேருக்கு எடுத்துட்டு போனா அதே அளவு கல்லு கெடைச்சு எல்லாத்தையும் பிரிச்சு திரும்ப அடுக்கணும்னு இழுத்தடிச்சாங்க. அக்கா இப்ப அந்த மோதிரத்தை பீரோல வெச்சிருக்கா. நிச்சயத்தன்னிக்கு அவ்ளோ பேர் முன்னாடி மாமா போட்டு விட்ட மோதிரம் அது, அவளுக்கு அந்த வருத்தம் இன்னும் போகல, எனக்கும் தான். பிரஷர் செட்டிங் தப்புன்னு சொல்லல, விசேஷத்துக்கு போடற கம்மலுக்கோ பென்டன்ட்டுக்கோ ரொம்ப நல்லா இருக்கும், அடி படாத எடம். தினசரி மோதிரத்துக்கு அது ஒத்து வராது, அதை விக்கறவங்க வாயை தொறந்து சொல்லணும்.

இதே மாதிரி இன்னொண்ணு, மிராக்கிள் பிளேட். அஞ்சு சென்ட் கல்லை சுத்தி பட்டை பட்டையா வெட்டுன பளபள வெள்ளை தகடு இருக்கும், மொத்தமும் வைரம் மாதிரி தெரியும். பட்ஜெட் கம்மின்னா நியாயமான வழி தான், கல்லும் கீழ எறங்கி பத்திரமா இருக்கும், ஆனா எவ்ளோ வைரம் எவ்ளோ தகடுன்னு லென்ஸ்ல பாத்துட்டு வாங்குங்க. பத்து மடங்கு பெருசா காட்டற லூப்பு எல்லா கடையிலயும் இருக்கும், கேட்டா குடுப்பாங்க, குடுக்க யோசிச்சா எந்திரிச்சு வந்துடுங்க.

ஹாலோ, பாவே பத்தியும் கேப்பீங்க. நடுக்கல்லை சுத்தி ஒரு வளையம் பொடி வைரம் வர்றது ஹாலோ. இங்கிலாந்து இளவரசி டயானாவுக்கு 1981-ல போட்ட மோதிரம் இந்த வகையறா தான், நடுவுல 12 கேரட் சிலோன் நீலக்கல், சுத்தி 14 வைரம், 2010-ல அதையே தான் வில்லியம் கேட்டுக்கு போட்டாரு. கலர் கல்லுக்கு சுத்தி வைரம் வந்தா அந்த நெறம் எடுப்பா தெரியும், அதுல எனக்கு மாத்து கருத்தே இல்ல. ஆனா வளையத்து மேல பூரா மணல் தூவுன மாதிரி வர்ற பாவேல ஒவ்வொரு பொடிக்கல்லையும் புடிச்சிட்டு இருக்கறது ஊசி முனை அளவு தங்க மணி. பக்கத்து விரல் மோதிரத்தோட உரசி உரசி அந்த மணி தேஞ்சா கல்லு போயிடும். வளையம் முழுக்க கல்லு வந்துட்டா சைஸ் மாத்தறதும் நடக்காது, மேல்பாதில மட்டும் வர்ற மாதிரி இருந்தா ஓரளவு சமாளிக்கலாம்.

பிராங் தான் வேணும்னு மனசு சொன்னா நாலுக்கு பதிலா ஆறு எடுங்க, நாலுல ஒண்ணு போனா கல்லு ஆட ஆரம்பிச்சிடும், ஆறுல ஒண்ணு போனா மத்த அஞ்சும் புடிச்சிட்டு இருக்கும், அதுக்குள்ள கடைக்கு போயிடலாம். சதுரமா இருக்கற பிரின்சஸ் கட், சொட்டு மாதிரி இருக்கற பேர் கட் இதுக்கெல்லாம் கூர்முனைல கண்டிப்பா வி வடிவ பிராங் வேணும். வைரத்துல இன்னொரு வைரம் பட்டா தவிர கீறல் விழாது, கடினத்துல 10-க்கு 10, ஆனா கீறல் வேற ஒடையறது வேற. வைரத்துக்கு பிளவுபடற திசைன்னு இருக்கு, அந்த பக்கமா நச்சுன்னு அடி பட்டா சில்லு பேந்துடும், முனையும் ஓரமும் தான் மொதல்ல போகும். பெசல்ல அந்த ஓரம் முழுக்க தங்கத்துக்குள்ள இருக்கு.

பட்டறைக்கு வர்றேன், இந்த ரிவ்யூல நான் மனசார பாராட்டணும்னு நெனைக்கறது அங்க தான். முன்னாடி ரெண்டு பேர் உக்கார்ற எடம், உள்ள நாலு பேர் வேலை செய்யறாங்க, ஏசி கெடையாது, காபி கூல்ட்ரிங்க்ஸ் கெடையாது. ஆனா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்துச்சு. ஆசாரி அண்ணன் மொதல்ல கேட்டதே "அம்மணி என்ன வேலை பாக்கறீங்க, எந்த கை பொழங்கற கை?" ஷோரூம்ல ஒருத்தரும் இதை கேக்கல, பட்ஜெட் எவ்ளோன்னு தான் கேட்டாங்க. கையை வாங்கி பாத்துட்டு, கணு பெருசா இருக்கு, விரலோட அடி மெலிசா இருக்கு, கணுவை தாண்டறதுக்கு லூஸா செஞ்சா கல்லு ஒரு பக்கமா சாஞ்சு சுத்திட்டே இருக்கும், அதனால வளையத்தோட அடிப்பக்கத்தை ரவுண்டா இல்லாம லேசா தட்டையா பண்ணிடறேன்னாரு. அவர் சொன்ன மாதிரியே இப்ப வரைக்கும் கல்லு நேரா மேல பாத்துட்டு நிக்குது.

கல் பதிக்கற அன்னிக்கு வந்து பாக்கறீங்களான்னு கேட்டாரு, லீவு போட்டுட்டு போனேன். மோதிரத்தை ஒரு கட்டை நுனில அரக்கை உருக்கி அதுல ஆடாம புதைச்சிட்டாங்க. கல் உக்கார்ற கிண்ணம் மாதிரி வளையத்துக்குள்ள ஒரு திட்டு வெட்டியிருந்துச்சு, கல்லை வெச்சு பாத்து எடுத்து, கொஞ்சம் செதுக்கி, திரும்ப வெச்சு பாத்து, திரும்ப எடுத்து, அது பாட்டுக்கு போயிட்டே இருந்துச்சு. கல்லு ஆடாம உக்காந்தப்பறம் தான் விளிம்பை கல்லு மேல சாய்க்க ஆரம்பிச்சாரு. சுத்தி வரிசையா தள்ளிட்டு போவாருன்னு நெனைச்சேன், அப்படி இல்ல, வடக்கே ஒரு தள்ளு, அப்பறம் நேர் எதிர்ல தெக்கே ஒண்ணு, கெழக்கே, மேக்கே, அப்பறம் இடைல இடைல. ஒரே பக்கமா போனா கல்லு எதிர்ப்பக்கம் தூக்கிடுமாம். விளிம்பு முழுசா படிஞ்சப்பறம் எஃகு கம்பில தேய்ச்சு மெருகு ஏத்துனாரு, நகத்தை வெச்சு இழுத்தா தங்கம் எங்க முடியுது கல்லு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியவே இல்ல. கடைசியா காதுக்கு பக்கத்துல வெச்சு மோதிரத்தை தட்டி காட்டுனாரு, உள்ள ஒரு சத்தமும் வரல. கல்லு லூஸா இருந்தா மெல்லிசா கிலுகிலுன்னு கேக்குமாம், நீங்களும் உங்க மோதிரத்தை இப்பவே காதுகிட்ட வெச்சு தட்டி பாருங்க.

அப்பாவுக்கு ஒரு மனக்குறை, "22 கேரட்ல போடாம 18-ல போடறீங்களே, நாளைக்கு வித்தா என்ன வரும்". 22 கேரட்ங்கறது நூத்துக்கு 91.6 தங்கம், ரொம்ப மெது, மெலிசா கம்பி இழுத்து கல்லை புடிச்சா நாள்பட வளைஞ்சு குடுத்துடும். 18 கேரட்ல 75 தான் தங்கம், மிச்சம் செம்பு வெள்ளி எல்லாம் சேந்து கெட்டியா நிக்கும், வைர நகைன்னா பெரும்பாலும் 18 கேரட்ல செய்யறது இதுக்கு தான். ஆசாரி அண்ணன் அப்பா கிட்ட பொறுமையா "பெசல்னா 22-லயும் செய்யலாங்க, ஆனா தேய்மானம் ஜாஸ்தி, பொண்ணு தினமும் போடறதுக்கு 18 தானுங்க சரி" ன்னு சொன்னப்பறம் தான் அப்பா சமாதானம் ஆனாரு. ஒயிட் கோல்டு நானா வேண்டாம்னுட்டேன், மேல ரோடியம் பூச்சு குடுத்து தான் அந்த வெள்ளை வருது, தினமும் உரசற மோதிரத்துல அது தேஞ்சு தேஞ்சு திரும்ப பூசணும்.

மஞ்சள் தங்கத்துல இன்னொரு லாபமும் இருக்கு. சுத்தி மஞ்சளா இருக்கறப்போ கல்லுல இருக்கற லேசான மஞ்சள் சாயல் கண்ணுக்கு தனியா தெரியாது. வைரத்தோட கலர் தரத்தை எழுத்துல சொல்லுவாங்க, டி, இ, எஃப்னு மேல் கலருக்கு காசை கொட்ட வேண்டியதில்ல, ஜி, ஹெச் கூட தாராளம். என்னோடது ஹெச். மிச்சமான காசை கட்டிங்ல போட்டேன், எக்ஸலன்ட் கட், வைரத்தை சோதிச்சு தரம் போடற ஜிஐஏ இல்லன்னா ஐஜிஐ சர்டிபிகேட்ல இது தனியா போட்டிருக்கும். லேப்ல வளத்த வைரமா மண்ணுல எடுத்த வைரமாங்கறது தனி பஞ்சாயத்து, செட்டிங்கை பொறுத்த வரைக்கும் ரெண்டும் ஒண்ணு தான், அதே கடினம் அதே மினுக்கு.

பில் போடும்போது கவனிக்க வேண்டியது எடை. கல்லோட சேத்து வர்ற எடை வேற, தங்கத்தோட எடை வேற. கல்லுக்கு கேரட்னா தங்கத்தோட தரம் மாதிரி இல்ல, எடை, ஒரு கேரட்ங்கறது 0.2 கிராம், அதாவது 100 சென்ட், அப்ப என் 30 சென்ட் கல்லு 0.06 கிராம், 3.62-ல அதை கழிச்சு 3.56 கிராமுக்கு தான் 18 கேரட் ரேட் போடணும், பட்டறைல அப்படி தான் போட்டாங்க. கல்லு நெறைய இருக்கற ஹாலோ மோதிரத்துல இந்த கழிவு பெருசா வரும், அங்க தான் கண்ணை தொறந்து பாக்கணும். அப்பறம் செய்கூலி, கல் பதிக்கற கூலி, மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி. வளையத்துக்கு உள்பக்கம் இந்திய தர நிர்ணய அமைப்போட பிஐஎஸ் முத்திரை, 18கே750, கூட ஒவ்வொரு நகைக்கும் தனியா குடுக்கற ஆறு எழுத்து ஹெச்யூஐடி நம்பர் இருக்கணும், 2023 ஏப்ரல் 1-ல இருந்து அந்த நம்பர் இல்லாம ஹால்மார்க் நகை விக்க கூடாது. பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரை போட்டு அங்க உக்காந்தே சரிபார்த்துட்டேன். 2 கிராமுக்கு கீழ இருக்கற நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல, அதனால ரொம்ப மெலிசான மோதிரம் வாங்கறவங்க இதை கேட்டுக்கோங்க.

நடுவுல அத்தை, அதாவது எனக்கு நிச்சயமானவரோட அம்மா, ஜாதகத்துக்கு மரகதம் வெச்சுக்கலாமேன்னு கேட்டாங்க. ராசிக்கல்லுன்னா அடிப்பக்கம் விரல்ல படணும்னு சொல்லுவாங்க, அதுக்கும் பின்பக்கம் ஓப்பன் வேணும். ஆனா மரகதத்தோட கடினம் எட்டுக்குள்ள தான், பெரும்பாலும் உள்ள விரிசலும் இருக்கும், அதை மறைக்க எண்ணெய் ஏத்தியிருப்பாங்க, நான் கழுவற மாதிரி சோப்பு தண்ணில ஊற வெச்சு தேய்ச்சா அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துடும். முத்து இன்னும் மெது, சானிட்டைசரே ஆகாது. வேலைக்கு போற கைக்கு வேண்டாங்க அத்தை, தனியா ஒரு மோதிரமா செஞ்சு கோயிலுக்கு விசேஷத்துக்கு போட்டுக்கறேன்னு சொன்னேன், அவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க. நவரத்தினத்துல தினசரி அடிக்கு தாங்கறது வைரத்துக்கு அடுத்து மாணிக்கமும் நீலமும் தான், ரெண்டும் ஒம்பது.

பெசல்ல கொறையே இல்லையான்னா இருக்கு. கல்லோட ஓரம் விளிம்புக்குள்ள போறதால அதே 30 சென்ட் பிராங்ல கொஞ்சம் பெருசா தெரியும், பக்கத்துல வெச்சு பாத்தா வித்தியாசம் தெரியுது. மெருகு ஏத்துன விளிம்புல பொடி கீறல் விழும், என்னோடதுலயும் விழுந்திருக்கு, சாய்ச்சு பாத்தா தெரியும், பாலிஷ் போட்டா போயிடும், ஆனா பாலிஷ்னா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தங்கம் போகும், அதனால அடிக்கடி வேண்டாம். பிற்பாடு பெரிய கல்லா மாத்தலாம்னு நெனைக்கறவங்களுக்கு இது சரிப்படாது, விளிம்பை அந்த கல்லுக்குன்னே அளவெடுத்து செஞ்சது, புதுக்கல்லுக்கு கல்லு உக்கார்ற தலைப்பகுதியையே புதுசா செய்யணும். சைஸ் ரொம்ப மாத்துனாலும் வளையம் வளையறப்போ விளிம்பு லூஸாகலாம், அதனால அளவை ஆரம்பத்துலயே சரியா குடுத்துடணும். காலைல எந்திரிச்ச உடனே விரல் ஒரு மாதிரி இருக்கும், சாயங்காலம் வெயில்ல அலைஞ்சுட்டு வந்தா வீங்கி இருக்கும், சாயங்கால அளவு எடுக்கறது நல்லது. நம்ம ஊர் சைஸ் நம்பரோட 40-ஐ கூட்டுனா மோதிரத்தோட உள்சுத்து மி.மீ-ல வந்துடும், 12-ம் நம்பர்னா கிட்டத்தட்ட 52 மி.மீ, வீட்லயே நூல் வெச்சு ஒரு தடவை சரிபார்த்துக்கலாம்.

பட்டறையோட கொறைன்னா டைம் தான். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தள்ளி தான் குடுத்தாங்க, நிச்சயத்துக்கு முன்னாடி போதுமான நாள் வெச்சிருந்ததால பதட்டம் இல்ல. டிசைன் கேட்லாக்னு பெருசா எதுவும் கெடையாது, என்ன வேணும்னு நாம தெளிவா படம் வரைஞ்சோ காட்டியோ சொல்லணும். பெரிய ஷோரூம் மாதிரி எக்ஸ்சேஞ்ச் ஸ்கீமும் கெடையாது, பழைய வைரத்தை எவ்ளோக்கு எடுப்பாங்கங்கறது கடைக்கு கடை மாறும், உங்களுக்கு அது முக்கியம்னா எழுத்துல வாங்கிட்டு முடிவு பண்ணுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கொண்டு வாங்க பாத்து தர்றேன்னு ஆசாரி அண்ணன் சொல்லியிருக்காரு, போனப்போ லூப்புல சுத்தி பாத்துட்டு கழுவி குடுத்தாரு, காசு வாங்கல.

எனக்கு நிச்சயமானவரோட மோதிரமும் அங்கயே தான் செஞ்சோம். அவரு டர்னர், லேத் மெஷின் கிட்ட வேலை, அங்க மோதிரம் போடவே கூடாது, விரலோட போயிடும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, அது எந்த செட்டிங்கா இருந்தாலும் சரி. அதனால ஷிப்ட்டுக்கு போறப்போ சங்கிலில கோத்து சட்டைக்குள்ள போட்டுக்கற மாதிரி தட்டையான பட்டை மோதிரம், அதுல மூணு சென்ட் கல்லு ஒண்ணை தங்கத்துக்குள்ளயே துளை போட்டு மேல்மட்டத்துக்கு சமமா புதைச்சிட்டாங்க, பிளஷ் செட்டிங்னு சொல்லுவாங்க. விரலை வெச்சு தடவுனா கல்லு இருக்கறதே தெரியாது, சட்டை துணில மாட்டாது, நெஞ்சுல குத்தாது. ஆம்பளைங்களுக்கு கல் வெச்ச மோதிரம் எடுக்கறதா இருந்தா இதை கேட்டு பாருங்க, ஷோரூம் ட்ரேல கம்மியா தான் இருக்கும், ஆர்டர் குடுத்தா எந்த நல்ல பட்டறையும் செஞ்சு குடுப்பாங்க, பட்டை மட்டும் கல்லோட ஆழத்துக்கு தகுந்த கனத்துல இருக்கணும்.